வகையை விடுங்கள், தூரத்தை அளவிடுங்கள்

நடுக்கடலில் சுழலும் கடும்புயலைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனையாவது வகை, மையம் எந்தக் கோட்டில் போகிறது. சிறு தீவுகளுக்கு அருகே இந்த இரண்டுமே ஏமாற்றும். 2018 அக்டோபர் தொடக்கத்தில் மத்திய பசிபிக்கில் ஐந்தாம் வகையை எட்டிய வலாக்கா புயல், ஹவாய்த் தீவுத்தொடரின் வடமேற்கிலுள்ள பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸ் பவளத்தீவை நெருங்கும்போது உச்ச வலுவை இழந்திருந்தது. அப்படியும் அங்கிருந்த ஏறத்தாழ 11 ஏக்கர் ஈஸ்ட் தீவை அதன் அலைகள் அநேகமாக முழுவதும் வாரிக்கொண்டு போயின. ஹவாய்ப் பச்சை ஆமைகள் பெருமளவில் முட்டையிட வந்த மணல்திட்டு அது. எனவே முதலில் கணக்கிட வேண்டியது தீவுக்கும் புயற்காற்றின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி.

வேலையைப் புயல் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். மேற்குத் தீர்க்கரேகை 140 முதல் 180 பாகை வரை ஹொனலூலுவிலுள்ள மத்திய பசிபிக் ஹரிக்கேன் மையத்தின் பொறுப்பு. அதற்குக் கிழக்கே மயாமி மையம், 180 பாகையிலுள்ள தேதிக்கோட்டைத் தாண்டினால் டோக்கியோ மையம். வழக்கமான அறிக்கை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். ஹவாய் நேரப்படி காலை 5, 11 மணிக்கும் மாலை 5, இரவு 11 மணிக்கும். எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றியே குறியுங்கள். 2006இல் ஐயோகே என்ற புயல் செய்ததுபோல் ஒரு புயல் தேதிக்கோட்டைக் கடந்தால், மேற்கில் ஏறிக்கொண்டே வந்த தீர்க்கரேகை எண் கிழக்கில் இறங்கத் தொடங்கும். கவனிக்காவிட்டால் வரைபடத்தில் புயல் திரும்பிப் போவதாகத் தெரியும்!

அடுத்ததுதான் முக்கியம். அறிக்கையில் 34, 50, 64 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்று நான்கு திசைக்கூறுகளில் எவ்வளவு தூரம் வீசுகிறது என்று தனித்தனியே இருக்கும். தீவு எந்தக் கூறில் வருகிறதோ அந்த எண்ணை எடுங்கள். மையம் 300 கடல்மைல் தொலைவில், 15 நாட் வேகத்தில் தீவை நோக்கி வருகிறது என்று வையுங்கள். வந்துசேர 20 மணி நேரம். ஆனால் அந்தத் திசையில் 34 நாட் காற்று 150 கடல்மைல் பரவியிருந்தால் கையில் இருப்பது 10 மணி நேரம்தான். அலை அதற்கும் முந்தும். 14 வினாடி இடைவெளியுள்ள பேரலை ஆழ்கடலில் ஏறக்குறைய 20 நாட் வேகத்தில் ஓடும். பவளத்தீவைச் சுற்றி ஆழம் அதிகம் என்பதால் அதன் வலு திட்டின் விளிம்புவரை பெரிதாகக் குறைவதில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒரு செயற்கைக்கோள் படம் வரும் காலத்தில் இந்தக் கூட்டல் கழித்தல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படம் காட்டுவது மேகத்தின் உச்சியை. கடல்மட்டக் காற்றை அல்ல. விமானம் பறந்து அளக்காதபோது, வெர்னன் டிவோராக் 1970களில் வகுத்த முறைப்படி மேகத்தின் வடிவத்திலிருந்துதான் வேகத்தைப் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். அந்த அளவுகோலில் 6.5 என்றால் 127 நாட், 7 என்றால் 140 நாட். அரைப்படி மாறினாலே 13 நாட் வித்தியாசம். நான்காம் வகை ஐந்தாகிவிடும். மதிப்பீட்டை அளவீடாக எண்ணிப் பதறுவதும் தவறு, நிம்மதியடைவதும் தவறு.

முன்னறிவிப்புக் கூம்பு இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். அந்தக் கூம்பு மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது, அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் சரியாக இருக்கும் கணக்கில். புயலின் அகலம் அதில் இல்லை. கூம்புக்கு வெளியே இருக்கும் தீவும் காற்றுக்குள் சிக்கலாம். வட அரைக்கோளத்தில், புயல் நகரும் திசைக்கு வலப்பக்கத்தில் இருந்தால் பொதுவாகப் பாடு அதிகம்.

இவ்வளவும் புரிந்துகொள்வதற்கே. வெளியேறும் முடிவு அதிகாரபூர்வ எச்சரிக்கையின்படிதான் இருக்க வேண்டும், அதுவும் விமானமோ கப்பலோ வந்துபோக நேரம் இருக்கும்போதே. 2006 ஆகஸ்டில் ஐயோகே நெருங்குமுன்பே வேக் தீவிலிருந்த அனைவரையும் விமானத்தில் ஏற்றி ஹவாய்க்குக் கொண்டுபோய்விட்டார்கள்.