மகளிரியல் கற்பிக்க வருவோருக்கு: அடையாறு முதல் ரங்கநாதன் தெரு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் மகளிரியல் கற்பிக்க வருபவர்களுக்குப் பாடப்பொருளைத் தேடித் தொலைதூரம் போகும் தேவை இல்லை. அடையாறு, தரமணி, தியாகராய நகர் ஆகிய மூன்று பகுதிகளே ஒரு முழுப் பருவத்துக்குப் போதும். வெளிநாட்டுக் கோட்பாட்டில் தொடங்கி, உள்ளூர்ச் செய்தியைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கும் பாடத்திட்டங்களை நான் ஏற்பதில்லை. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதல் படி: தகுதி

உதவிப் பேராசிரியராகப் பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். நெட் தேர்வில் மகளிரியல் தனிப்பாடமாகவே உள்ளது. வரலாறு, பொருளியல், சமூகவியல், தமிழ் என எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பழைய பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இங்கே அது பெரிதும் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: துறையின் பிறப்பை அறியுங்கள்

இந்தியப் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழு 1974இல் 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையைத் தந்தது. விடுதலைக்குப் பிறகு பெண்கள் எல்லாத் துறையிலும் முன்னேறிவிட்டார்கள் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. பாலின விகிதமும் வேலையில் பெண்களின் பங்கும் சரிந்திருந்தன. மும்பை எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகம் அதே ஆண்டு மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியது. இந்திய மகளிரியல் சங்கம் 1982இலும், கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இலும் வந்தன. அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பத்மினி சுவாமிநாதன் பெண்களின் உழைப்பைப் பற்றியும், எஸ். ஆனந்தி திராவிட இயக்கத்தில் பெண்கள் குறித்தும் எழுதியவை உங்கள் முதல் வாசிப்பாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒரே விவாதத்தைப் பல குரல்களில் நடத்துங்கள்

அடையாறில் 1917இல் இந்திய மாதர் சங்கம் உருவானது. 'ஸ்திரீ தர்மா' அதன் இதழ். அச்சங்கத்தைச் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னை சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

இந்த அளவில் நிறுத்தினால் அது வீரக்கதை மட்டுமே. தேவதாசிகள் தாங்களே சங்கம் அமைத்து அந்த முயற்சியை எதிர்த்து மனு கொடுத்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அதே குலத்தில் பிறந்து, அம்முறையை ஒழிக்கப் போராடி, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை வெளியிட்டார். மாணவர்களை மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தரப்பைக் கொடுங்கள். யாருக்கு மரியாதை கிடைத்தது, யாருடைய நிலமும் கலையும் வருமானமும் கைமாறின, சாதி எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்விகளை அவர்களே எழுப்புவார்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அவர்களை அழைத்துப்போய், பழைய பெண்கள் இதழ்களைப் படிக்க வையுங்கள்.

நான்காம் படி: களத்துக்குப் போங்கள்

தியாகராய நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ததை 'அங்காடித் தெரு' படம் 2010இல் பலருக்கும் காட்டியது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. இருக்கை போட்டிருக்கிறார்களா, அதில் உட்கார விடுகிறார்களா என்ற இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நல்ல ஆய்வு அந்த இடைவெளியில் தொடங்குகிறது.

கடைக்குள் வைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார், அந்தப் பெண்ணின் வேலைக்கே ஆபத்து. விடுப்பு நாளில், அவர் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லக்கா" என்றுதான் பதில் வரும். "நேத்து காலையில எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?" என்று தொடங்கி, மணி மணியாகக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இப்படி நாளைக் கூறுபோட்டுக் கேட்டதுதான். ஊதியமில்லா வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது அதில் தெரிந்தது.

ஐந்தாம் படி: எழுதுங்கள், திருப்பிக் கொடுங்கள்

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். ஊர், கடை, விடுதி என ஆளை அடையாளம் காட்டும் எதையும் மாற்றிவிடுங்கள். பதவி உயர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை தேவைப்படலாம். தமிழிலும் ஒரு வடிவம் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அதை உங்களிடம் பேசியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியை வேண்டாம் என்கிறார்களோ அந்த வரியை எடுத்துவிடுங்கள், உங்கள் வாதத்துக்கு அது எவ்வளவு முக்கியமானாலும்.