ஷெட்டில் தூங்கும் ஃபியட்: வாங்கலாமா?

ஆரணியில் ஃபெராரி எல்லாம் கேட்பாரற்று நிக்காது மக்களே. ஆனா பழைய பட்டு முதலாளி வீட்டு ஷெட்டில் ஒரு ஃபியட் 1100 நின்னா ஆச்சரியமில்லை. இத்தாலி டிசைன், மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரிப்பு, 1089 சிசி. பின்னாடி பத்மினின்னு பேர் மாறினதும் இதே வண்டிதான்.

"ரெடி பண்ணி வித்தா லாபமாச்சே"ன்னு தோணுதா? இன்ஜினை அப்புறம் பாருங்க, முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க. அது இறந்துபோன தாத்தா பேர்லயே இருந்தா, வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பேருக்கு மாத்தணும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வண்டி 50 வருஷம் தாண்டியிருந்தா 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செஞ்சிருந்தா இந்தப் பதிவே கிடைக்காது.

பணத்தைத் தின்னுறது பெரும்பாலும் துருதான். அடித்தகடு அரிச்சிருந்தா டிங்கரிங் செலவு வண்டி விலையையே தாண்டலாம். இதுக்குப் பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம்; போனஸ் வர்றப்போ கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்க.

வரி? சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. அதே காரணத்தால நஷ்டத்தையும் கழிச்சுக்க முடியாது. அடுத்தடுத்து வாங்கி, ரெடி பண்ணி வித்தீங்கன்னா அது வியாபார வருமானம். அப்போ பில் எல்லாம் பத்திரமா இருக்கணும்.