மூலை இல்லாத வீடும் பறக்கும்

"மூலை இருந்தாத்தான அண்ணாச்சி காத்து பிடிக்கும்? உருண்டையாக் கட்டிட்டா வழுக்கிட்டுப் போயிரும்ல?" ஆடிக் கடைசி வெள்ளிக் கோயில் கூட்டத்தை நம்பி இருக்கன்குடியில் சின்னச் சின்ன வாடகை அறை போட நினைக்கிறவர்கள் இப்போது இதையேதான் கேட்கிறார்கள். கையில் ஒரு செல்போன் வீடியோ. அமெரிக்கப் புயலில் அசையாமல் நிற்கும் குமிழ் வீடு.

வட்டச் சுவரைக் காற்று தள்ளுவது சதுரச் சுவரைத் தள்ளுவதைவிடக் குறைவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புளோரிடாவின் பென்சகோலா கடற்கரையில் 2004-இல் ஐவன் புயலைத் தாங்கிப் பேர் வாங்கிய குமிழ் வீடு, கம்பி கட்டி ஒரே ஓடாகப் போட்ட கான்கிரீட். நம்மவர்கள் கேட்பதோ வட்டமாக ஹாலோ பிளாக் சுவர், அதன்மேல் கூம்புத் தகரம். உருவத்தைத் தவிர இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

தகரக் கூரையைக் காற்று தள்ளிச் சாய்ப்பதில்லை, மேலே உறிஞ்சித் தூக்குகிறது. காற்றுவிசைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 (பகுதி 3) மதுரைக்குச் சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 93 கிலோ அழுத்தம். சரிவு குறைந்த கூரையில் கிட்டத்தட்ட அவ்வளவும் மேல்நோக்கிய இழுப்பாக மாறலாம். 100 சதுர அடிக்கு 860 கிலோ. அதே 100 சதுர அடித் தகரத்தின் எடை 50 கிலோகூடத் தேறாது. மிச்சத்தை யார் பிடிப்பது, வட்டமா? போதாததற்குக் கதவு ஒன்று பிய்ந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் முட்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய வேதாரண்யம் பக்கம், சுவர் நிற்கக் கூரை மட்டும் போன வீடுகள் ஏராளம்.

இங்கே நடப்பதைப் பாருங்கள். சுவர் தலையில் இரும்புப் பைப்பை வைத்து, அரைச் சட்டி கலவையை அப்பி, மேலே நாலு செங்கல்லையும் அடுக்கிவிட்டு, "ஆடாது" என்கிறார் கொத்தனார். ஆடாதுதான், நேரே பறக்கும். சுவர் உச்சியில் சுற்றிலும் கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட் வேண்டும்; அதிலிருந்து எழும் போல்ட் பைப்பைக் கவ்வ, நட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். தகரத்தின் ஓர வரிசைகளில் திருகாணி நெருக்கமாக வர வேண்டும். இறவாரம் ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது. தாழ்வாரத் தகரம் வீட்டுக் கூரையோடு சேராமல் தனியாக இருந்தால், அது போனாலும் வீடு மிஞ்சும். இத்தனையும் செய்த சதுர அறைக்கு நாலு பக்கச் சாய்ப்பு, 30 டிகிரி சரிவில் வைத்தால் எனக்குப் போதும்.

ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்துச் 'சுட்டில்லு' வட்ட வீடுதானே என்பார்கள். ஆமாம். அதன் மண்சுவர் தடிமன், கூரையோலை ஏறக்குறைய தரைவரை இறங்கும். அந்த இரண்டை மட்டும் யாரும் காப்பியடிப்பதில்லை.

வட்டம் மலிவு என்பது இன்னொன்று. 200 சதுர அடிக்குச் சதுரத்தில் 56 அடிச் சுவர் என்றால் வட்டத்தில் 50. அந்த ஆறடி மிச்சத்தைத் தகரம் வெட்டிய கழிவு தின்றுவிடும். கட்டிலும் சுவரோடு ஒட்டாது.

வடிவத்தை நம்பும் இன்னொரு பேச்சு: பிரமிடு வடிவில் கட்டினால் இடி விழாதாம். பட்டாசு ஆலைக்காரர்களிடம் போய்ச் சொல்லுங்கள், இடிதாங்கிச் செலவு மிச்சமாகட்டும்!

யாரும் கேட்காததைச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்துக் கரிசல். மழையில் உப்பி, கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கிற மண். அதில் இரண்டடி வானம் தோண்டி மெல்லிய குமிழ் வீட்டை வைத்தால், புயல் வரும்முன்பே விரிசல் வந்துவிடும். ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே அடியில் குமிழ் விரிந்த தூண் அடித்தளத்தை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மூன்றரை மீட்டர் ஆழத்தில், உப்பாத மண்ணடுக்கில் அந்தக் குமிழ் மாட்டிக்கொள்ளும்; மண் உப்பினாலும் கூரையைக் காற்று இழுத்தாலும் தூண் மேலே வராது. துளையிடும் கருவியைக் கையாலேயே சுற்றலாம். பக்கத்துச் சாத்தூரில் இந்தத் தூணைப் போடுகிறவர் யார் என்று விசாரித்தால் போர்வெல்காரர் நம்பரைக் கொடுக்கிறார்கள்.