சட்டமும் பொருளும் ஒருங்கே கற்போம்
இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்

வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பொருள் செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் அவர் வைத்த இடம் பொருட்பால். முறை வேறு, பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குத்தான் பின்னாளில் வந்தது. வணிகவியல் பயில்வோர் கணக்கேட்டோடு நிற்கின்றனர். சட்டம் பயில்வோர் சட்ட நூலோடு நிற்கின்றனர். இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம் இடறி விழும்போது தூக்கிவிட ஆளில்லை.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் அத்தை வீட்டில் கண்டேன்.

அத்தை வீட்டு நிகழ்ச்சி

என் மாமா நூற்பாலை ஒன்றில் பணிபுரிந்தவர். மணமாவதற்கு முன்பே ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். அப்போது படிவத்தில் நாமினியாகத் தம் தம்பியின் பெயரை எழுதினார். பின்னர் மணமாயிற்று, இரு பிள்ளைகள் பிறந்தனர். தவணை ஒன்று தவறாமல் கட்டினார். ஆனால், நாமினியின் பெயரை மாற்ற வேண்டும் என்பது அவர் நினைவுக்கு வரவேயில்லை. திடீரென்று ஒருநாள் காலமானார். காப்பீட்டுத் தொகை முழுவதும் தம்பியின் கைக்குச் சென்றது. அவர் தீயவர் அல்லர். படிவத்தில் தம் பெயர் இருப்பதால் பணம் தமக்கே உரியது என்று மனமார நம்பினார். தம் கடன்களை அடைத்துவிட்டார். அத்தையும் அவ்வாறே நம்பி வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் உண்மையைச் சொன்னபோது பணமும் கரைந்திருந்தது, உறவும் முறிந்திருந்தது.

உண்மை என்ன? மாமாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். அவர் உயில் எழுதவில்லை. ஆகவே 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தையும் இரு பிள்ளைகளுமே அத்தொகைக்கு உரியவர்கள். தம்பி அதனைப் பெற்று அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியவரே அன்றி, உரிமையாளர் அல்லர்.

வியப்புக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. மாமா தம் வருங்கால வைப்பு நிதிக்கும் மணமாகுமுன் தம்பியையே நியமித்திருந்தார். ஆயினும் அந்தப் பணம் அத்தைக்கே கிடைத்தது. ஏனெனில், குடும்பம் இல்லாத காலத்தில் பிறர் பெயரில் செய்த நியமனம், பின்னர் குடும்பம் அமைந்தவுடன் செல்லாததாகிவிடும் என்று 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம் விதித்திருந்தது. காப்பீட்டில் அத்தகைய விதி இல்லை. ஒரே மனிதர், ஒரே தம்பி, ஒரே வகையான கையெழுத்து. ஆனால் விளைவுகள் இரண்டு. இந்த வேறுபாட்டை அறிந்த ஒருவர் மாமாவின் வாழ்நாளில் அரைமணி நேரம் அவருடன் அமர்ந்திருந்தால் போதும், அக்குடும்பம் பிழைத்திருக்கும். அந்த ஒருவரை உருவாக்கும் கல்விதான் இக்கட்டுரையின் பொருள்.

நீதிமன்றம் சொன்னது

நாமினி யார் என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. சர்பதி தேவி வழக்கு எனப்படும் அதில், ஒருவர் 1967-இல் உயில் எழுதாமல் இறந்தார். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு காப்பீடுகள். நாமினி அவர் மனைவி. இறந்தவரின் தாயும் மகனும் தங்கள் பங்கைக் கோரினர். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு நாமினிக்குப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையைத் தருகிறதே தவிர, அதனைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமையைத் தரவில்லை என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி, தாய், மகன் மூவருக்கும் அதில் பங்குண்டு என்றாயிற்று. 20,000 ரூபாய்க்கு விடை காணப் பதினாறு ஆண்டுகள்!

கதை அத்துடன் முடியவில்லை. 2015-இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக்கினால் அவர்கள் அத்தொகையைத் தாமே அனுபவிக்கும் உரிமை பெறுவர் என்று புதிய விதி கூறுகிறது. தம்பி இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இத்திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தையே வென்றுவிடுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை; வாரிசுகள் உரிமை கோரினால் அவர்கள் உரிமை அழியாது என்று 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. நிறுவனப் பங்குகளைப் பொறுத்தவரை, நாமினி என்பதாலேயே ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆக, காப்பீட்டுக்கு ஒரு விதி, வைப்பு நிதிக்கு ஒரு விதி, பங்குக்கு ஒரு விதி. சேமிக்கக் கற்பிப்பவர் இவற்றை அறியாவிட்டால், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றச் சொன்னவர் ஆவார்.

கணக்கறியாச் சட்டமும் குறைபாடே

மறுபுறமும் நோக்குவோம். சட்டம் மட்டும் கற்றவர் குறையற்ற உயிலை எழுதித் தருவார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பதையும், பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதையும் நன்கறிவார். ஆனால், அந்த உயிலில் உள்ள தொகை இருபது ஆண்டுகள் கழித்து எவ்வளவு பெறும் என்பதை யார் கணக்கிடுவது?

எளிய கணக்கு ஒன்று. 72 என்னும் எண்ணை ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால், ஒரு தொகை இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் விலை இரு மடங்கு; இருபத்து நான்கு ஆண்டுகளில் நான்கு மடங்கு. இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருளுக்கு அன்று 400 ரூபாய் வேண்டும். மகளின் படிப்புக்கு என்று ஒரு தந்தை பெட்டியில் பூட்டி வைத்த பணம், பூட்டியபடியே முக்கால் பங்கை இழந்துவிடுகிறது. திருடன் வரவில்லை, சட்டம் மீறப்படவில்லை, ஆயினும் இழப்பு இழப்பே.

இரண்டு அறிவும் கைகோக்கும் இடத்தையும் காட்டுகிறேன். சிறு கடை வைத்திருக்கும் ஒருவர் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறார். அவர் இறந்தால் குடும்பத்துக்கு எவ்வளவு தொகை வேண்டும் என்பதை நிதித் திட்டமிடல் சொல்லும். அத்தொகையைக் கடன்காரர் கைப்பற்றாமல் காப்பது எப்படி என்பதைச் சட்டம் சொல்லும். மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1874-இல் இயற்றப்பட்டது. அதன் 6-ஆம் பிரிவின்கீழ் ஒருவர் தம் மனைவி மக்களுக்கென்று காப்பீடு எடுத்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளையாகக் கருதப்படும். கடன்காரரை ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, கணவனின் கடனுக்காக அதில் கைவைக்க இயலாது. காப்பீடு எடுக்கும்போதே அதற்கென உள்ள படிவத்தில் அறிவித்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சட்டம் நூற்றைம்பது ஆண்டுப் பழமையானது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதன் பெயரேனும் தெரியும்?

தமிழகத்தில் தனியார் நிதி நிறுவனங்கள் வங்கிகளைவிட மிகுந்த வட்டி தருவதாகச் சொல்லிப் பொதுமக்களின் பணத்தைத் திரட்டிக் கவிழ்ந்த கதையை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் விளைவாகவே முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டம் ஒன்று 1997-இல் இங்கு இயற்றப்பட்டது. சட்டம் வந்தபின் சொத்துகளை முடக்க முடிந்தது. ஆனால், இத்தனை வட்டி எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் பலர் பணத்தைக் கொடுத்தே இருக்க மாட்டார்கள்.

எங்கே, எவ்வாறு கற்பது?

சட்டக் கல்விக்கு இருவகை வாயில்கள் உள்ளன. மேனிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர்க்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. பட்டம் பெற்றவர்க்கு மூன்றாண்டுப் படிப்பு. வணிகவியலையும் சட்டத்தையும் ஒரே பட்டமாக இணைத்த ஐந்தாண்டுப் படிப்பு, 1997-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக் கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், திருச்சிராப்பள்ளியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக் கழகத்திலும் உண்டு. முன்னதில் மேனிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையிலும், பின்னதில் அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகவும் சேர்க்கை நடைபெறுகிறது. கணக்குப் பதிவியல், வங்கியியல் ஆகியவற்றோடு ஒப்பந்தச் சட்டம், குடும்பச் சட்டம், சொத்துரிமை மாற்றச் சட்டம், வரிச் சட்டம் முதலியன ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து வருகின்றன. மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் ஆவணம் எழுதும் பயிற்சியும் பாடத்திட்டத்தின் பகுதிகளே.

நம்மைப்போல் முன்பே வணிகவியலில் சேர்ந்துவிட்டவர் கவலுற வேண்டியதில்லை. மூன்றும் மூன்றும் ஆறு. ஓராண்டு கூடுதல், அவ்வளவே. பொதுப் பிரிவினர்க்குப் பட்டப் படிப்பில் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்ற விதி. அந்த எல்லையை மனத்திற்கொண்டு இப்போதே படித்தல் நலம்.

இரு படகில் கால் வைக்கலாகாது

பட்டம் இணைந்ததாயினும் தொழில் இணைந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் முழுநேரச் சம்பள வேலை பார்க்கலாகாது. தாமே வாணிகம் நடத்தவும் கூடாது. மறுபுறம், கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை கூறுவதைத் தொழிலாகக் கொள்வோர், 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி செபி என்னும் பங்குச் சந்தை வாரியத்தில் பதிவு பெறவேண்டும். அதற்குரிய தேர்விலும் வெற்றி பெறவேண்டும். தம் சட்டத் தொழிலின் ஊடே கட்சிக்காரருக்கு முதலீடு பற்றிச் சொல்ல நேரும் வழக்கறிஞருக்கு அவ்விதிகளில் விலக்கு உண்டு. ஆகவே, பட்டம் பெற்ற நாளில் ஒருவர் தம் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞரானால் கணக்கறிந்த வழக்கறிஞர். ஆலோசகரானால் சட்டமறிந்த ஆலோசகர். எப்பாதையாயினும் மற்றைய கல்வி வீணாவதில்லை.

கழிவுத் தொகைக்காகப் பொருளை விற்பவர் வேறு; கேட்பவர் நலனுக்காக வழி சொல்பவர் வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். என் மாமாவிடம் காப்பீட்டை விற்றவர் ஆண்டுதோறும் தவணையை நினைவூட்டினார். நாமினி யார் என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் வீட்டில் ஒரு தாள் வந்தால் அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் நாம்தாம். ஐந்தாண்டுப் பட்டம் பெறும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விதழை மூடிவைத்த அன்று மாலையே வீட்டுப் பெட்டியைத் திறந்து, காப்பீட்டுப் பத்திரம், வங்கிப் புத்தகம், வைப்பு நிதித் தாள் மூன்றையும் எடுத்து, நாமினி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயர் இன்றைய குடும்பத்துக்குப் பொருந்தவில்லையெனில், மறுநாளே தந்தையையோ தாயையோ உடன் அழைத்துச் சென்று மாற்றிவிடுங்கள்.

என் அத்தை மகன் இவ்வாண்டு மேனிலைத் தேர்வு எழுதுகிறான். எந்தப் படிப்பில் சேரலாம் என்று என்னிடம் கேட்டான். மேலே எழுதியவற்றைத்தான் அவனுக்கும் சொன்னேன். அவனுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.