நத்தை போட்ட கோட்டைப் படிக்கத் தெரியுமா?

தங்கச்சி, ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் நம்ம ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு கடலுக்குப் போகிறதோ இல்லையோ, நத்தை சுவரேறிவிடும். விடிந்ததும் வாசலில் வெள்ளிக்கோடு. "சீ, கொழகொழ!" என்று நீ விளக்குமாற்றை எடுக்குமுன் அக்கா சொல்வதைக் கேள்.

ஏன் கோடு போடுகிறது?
நத்தைக்கு இருப்பது ஒரே பாதம். அதில் சுரக்கும் வழவழப்பில் பெரும்பங்கு தண்ணீர்தான். சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் அசையாது, தட்டினால் ஓடும், இல்லையா? இதுவும் அப்படித்தான். பாதம் அசையாத இடத்தில் பசையாக ஒட்டும், அசையும் இடத்தில் இளகி வழிவிடும். அதனால்தான் நத்தை செங்குத்துச் சுவரிலும் விழாமல் ஏறுகிறது. உடம்பு காயாமலும் அதுவே காக்கிறது.

கோடுதான் துப்பு
அந்தத் தடத்தை மோப்பம் பிடித்தே பல நத்தைகள் பதுங்குமிடத்துக்குத் திரும்புகின்றன, ஜோடியையும் தேடுகின்றன. நீயும் அதன் பின்னால் போ. தென்னை மட்டைக் குவியலிலோ பழைய வலை மூட்டையின் அடியிலோ போய் முடியும். முதலில் அந்த இடத்தைச் சுத்தம் செய்.

பாத்தியில் உப்பு வேண்டாம்
உப்பு பட்டால் உடம்புத் தண்ணீரெல்லாம் வெளியேறி நத்தை சாகும், சரி. ஆனால் கடலோர மண்ணுக்கு இருக்கிற உப்பு போதாதா? கீரையும் சேர்ந்து கருகும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வை. காலையில் கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போடு. பிறகு கிணற்றடியை விட்டுத் தள்ளிக் குழிதோண்டிப் புதைத்துவிடு.

வெறுங்கை கூடாது
பெரிய ஓட்டுடன் வருவது ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் பென்சன் என்பவர் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த இனம். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மூளை உறையைப் பாதிக்கும் புழு இதற்குள் இருக்கக்கூடும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள். பிள்ளைகளை விளையாட விடாதே. கீரையை நன்றாக அலசிச் சமை.

கறையை எப்படி எடுப்பது?
ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் இழுபடும். நன்றாகக் காயவிட்டுத் தேங்காய் நாரால் சுரண்டு, பிறகு சோப்புத் தண்ணீர் விடு. கையில் பட்டுவிட்டதா? கெளுத்தி மீனின் வழவழப்பைப் போக்கக் கல் உப்புப் போட்டுத் தேய்ப்போமே, அதே வைத்தியம்தான். கடைசியில் சோப்பு போட்டுக் கழுவ மறக்காதே.

நாளைக் காலையில் புதுக்கோடு தெரிந்தால், அது எங்கே போய் முடிகிறது என்று முதலில் பார். துடைப்பதெல்லாம் அப்புறம்.