பேக்கப் பெட்டி பழுதானால் கணக்கு திரும்பி வருமா?



பில் புத்தகமும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பலசரக்குக் கடையோ மொத்த மண்டியோ, சரக்கு இருப்பு, சில்லறைக் கடைகளின் பாக்கி, கொள்முதல் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "அதற்குத்தான் பேக்கப் இருக்கிறதே" என்பது பெரும்பாலோர் பதில். அந்த பேக்கப் இருக்கும் பெட்டியே கெட்டுவிட்டால்? இதை நம்மில் மிகச் சிலரே யோசித்திருக்கிறோம். ஆகவே அதைப் பற்றி இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம். 2017-ல் வந்த மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதன் விதிகளில் 57-வது விதி கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போருக்கானது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்டெடுக்க முடிகிற விதத்தில் நகல் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அந்த விதி. நகல் எடுத்தால் போதும் என்று அது சொல்லவில்லை. மீட்டெடுக்க முடிய வேண்டும் என்கிறது. அதிகாரி கேட்கும்போது கோப்புகளின் விவரத்தையும் அவற்றின் பாஸ்வேர்டையும் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. "பெட்டி ரிப்பேர், பாஸ்வேர்டு போட்ட பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்" என்ற பதில் அங்கே எடுபடாது.

இரண்டு மூன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மொத்தக் கடைகளில் இப்போது நாஸ் என்று சொல்லப்படும் ஒரு சிறு பெட்டியையோ, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையோ பேக்கப் சர்வராக வைத்திருக்கிறார்கள். இரவு கடை அடைத்த பிறகு அது தானாகவே எல்லாக் கணக்கையும் நகல் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் இரண்டு அல்லது நான்கு ஹார்டு டிஸ்க் இருக்கும். ஒரு டிஸ்க் போனாலும் மற்றதில் கணக்கு இருக்கும்படி ரெய்டு என்னும் முறையில் அமைத்திருப்பார்கள். இதைக் கேட்டவுடன் நமக்கு முழு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் ரெய்டு காப்பாற்றுவது டிஸ்க் பழுதிலிருந்து மட்டுமே. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். பெட்டியின் போர்டு எரிந்தால் டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் படிக்க ஆளில்லாமல் கிடக்கும்.

எங்களுக்குத் தெரிந்த எண்ணெய் மொத்த வியாபாரி ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஒரு மழைநாள் இரவில் இடி விழுந்து மின்சாரம் எகிறியதில் பில்லிங் கம்ப்யூட்டரும் பேக்கப் பெட்டியும் ஒன்றாகப் போயின. இரண்டும் ஒரே பிளக் பலகையில் இருந்தன. பெட்டியின் டிஸ்க்குகள் பழுதாகவில்லை. உள்ளூர் மெக்கானிக் ஒரு டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினார். இது படிக்கக்கூடிய நிலையில் இல்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று திரையில் கேட்டது. அவர் சரி என்று அழுத்திவிட்டார். அடுத்த டிஸ்க்குக்கும் அப்படியே. பிறகு அந்த வியாபாரி கடை கடையாகப் போய், "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன தொகையைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தார். பெரும்பாலோர் நேர்மையாகத்தான் சொன்னார்கள். இருந்தாலும் இருபது வருடம் கடன் கொடுத்து வாங்கிய மனிதர் வாசலில் நின்று அப்படிக் கேட்க வேண்டி வந்ததே என்பது எங்களுக்கு இன்றும் வருத்தம்தான்.

அந்த டிஸ்க்கை விண்டோஸ் படிக்காதது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது தெரியாத மொழி. தெரியாததைக் காலி டிஸ்க் போலக் கருதி ஃபார்மட் செய்யச் சொல்கிறது. தவிர, நான்கு டிஸ்க் உள்ள பெட்டியில் ஒரு பில்லின் பாதி ஒரு டிஸ்க்கிலும் மீதி வேறொன்றிலும் இருக்கும். இதற்கு மேல், பேக்கப் மென்பொருள் தனக்கே உரிய வடிவத்தில் கணக்கைச் சுருக்கி வைக்கிறது. எந்த நாள் நகல் எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையும் வைத்துக்கொள்கிறது. அந்த மென்பொருளும் அட்டவணையும் பாஸ்வேர்டும் அதே பெட்டிக்குள் மட்டும் இருந்தால், இரும்புப் பெட்டியின் மாற்றுச் சாவியை அதே இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

இன்னொரு விஷயம். இடத்தை மிச்சப்படுத்த, ஞாயிறன்று முழு நகலும் மற்ற நாட்களில் அன்றன்று மாறியதை மட்டும் எடுக்கும் முறை உண்டு. வெள்ளிக்கிழமைக் கணக்கு வேண்டுமென்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என வரிசையாக எல்லாம் வேண்டும். புதன் நகல் கெட்டிருந்தால் செவ்வாயோடு நின்றுவிடும். நடுவே ஒரு நாள் சிட்டை காணாமற் போனால் அதற்குப் பிறகு இருப்பு ஒத்துவராது என்பது நம் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியாததா? நம் கடைக் கணக்கு சில ஜி.பி.க்கு மேல் போவது அரிது. ஆகவே தினமும் முழு நகலே எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. கண்காணிப்புக் கேமராப் படங்களையும் அதே பெட்டியில் போடுவோர் உண்டு. அதை உடனே நிறுத்துங்கள். படம் சேர்ந்து இடம் நிறைந்ததும் கணக்கு நகல் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

சிறிய கடைக்காரர்களான நமக்குத்தான் இந்தக் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கே சேவை செய்யும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ந் தேதி ஓர் ஊழியர் இரவு வேளையில் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜி.பி. தரவை அழித்துவிட்டார். அவர்களிடம் நகல் எடுக்கும் ஏற்பாடுகள் ஒன்றல்ல, பல இருந்தன. தேடிப் பார்த்தால் தினசரி நகல் நெடுநாளாகவே விழவில்லை. தரவுத்தளம் ஒரு பதிப்பு, நகல் எடுக்கும் கருவி வேறொரு பதிப்பு. அதனால் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் கைகொடுத்தது. அதைத் திருப்பிப் போட்டு, சேவையை மீண்டும் தொடங்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவைதான். அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுவதும் வெளியிட்டதால்தான் நாமும் இன்று அதைப் படித்துப் பயன்பெற முடிகிறது.

நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021 மார்ச் 10-ந் தேதி பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. பேக்கப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த சிலர், தங்கள் நகலும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்பதை அதன் பிறகே அறிந்தார்கள். நமக்குத் தீயைவிட வெள்ளம் பழக்கமானது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் தண்ணீர் கடைக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? கல்லா மேசைக்கு அடியில் தரையில் வைத்த பேக்கப் பெட்டி, பில்லிங் கம்ப்யூட்டருக்கு முன்பே நனையும்.

எங்கள் மண்டியில் நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். பெட்டி தன் வேலையை இரவில் செய்யட்டும். அதை நம்பாமல், எடுத்துச் செல்லும் வகை ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்று, இரண்டு என்று எண் எழுதி வைத்திருக்கிறோம். டேலியை மூடிய பிறகு அதன் தரவுக் கோப்புறையை எந்த பேக்கப் மென்பொருளும் இல்லாமல் நேரடியாக அதில் நகல் எடுக்கிறோம். இப்படி எடுத்ததை டேலி இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். ஒரு டிஸ்க் கடையில் இருக்கும் வாரம் மற்றது வீட்டில். நகல் எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும்; மாட்டியபடியே விட்டால் வைரஸ் வந்து பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வேறு பில்லிங் மென்பொருள் வைத்திருப்போர், ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்பை அப்படியே நகல் எடுக்க வேண்டாம்; பாதி எழுதிய நிலையில் பிடிபட்டுப் பயனற்றுப் போகலாம். அந்த மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியில் எடுத்து, அந்தக் கோப்பை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். இன்டர்நெட் வழியாக வெளியே வைப்பதும் நல்லதே. நமது சில ஜி.பி. கணக்கு சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஆனால் ஒரு டி.பி. அளவுக்குச் சேர்த்து வைத்தவர், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 22 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காகிதத்தில் எழுதி வைக்க வேண்டியவை சில உண்டு. பெட்டியின் மாடல், உள்ளே டிஸ்க் இருக்கும் வரிசை, மென்பொருளின் பெயரும் பதிப்பும், லைசென்ஸ் எண், பாஸ்வேர்டு. நகலைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால், அது மறந்துபோன பின் தயாரித்த கம்பெனியாலும் திறக்க இயலாது. டேலி வால்ட் பாஸ்வேர்டும் அப்படித்தான். அந்தக் காகிதம் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கட்டும், வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.

இனி, பெட்டி நின்றுபோன நாளில் செய்ய வேண்டியது. பெட்டியை ரிப்பேர் செய்வது அன்றைய முதல் வேலை அல்ல. அந்த நிமிடத்திலிருந்து பில்லிங் கம்ப்யூட்டரில் இருப்பதுதான் இன்று வரையுள்ள ஒரே கணக்கு. ஆகவே முதலில் அதிலிருந்து தனி டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுங்கள். பிறகு பெட்டியை நிறுத்தி, டிஸ்க்குகளைக் கழற்றுவதானால் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதிக் கழற்றுங்கள். ஃபார்மட் செய்யட்டுமா, புதிதாக அமைக்கட்டுமா என்று எந்தத் திரை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பல நேரங்களில் பவர் அடாப்டர் மட்டுமே போயிருக்கும். போர்டு போயிருந்தால், அதே கம்பெனியின் எந்த மாடலில் பழைய டிஸ்க்குகளை அப்படியே மாட்டலாம் என்று கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியம் ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப் பெட்டியின் உதவியே இல்லாமல், வீட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டு கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். வேறு கம்ப்யூட்டரில் செய்வது நல்லது. பில்லிங் கம்ப்யூட்டரிலேயே செய்தால் கட்டாயம் தனிக் கோப்புறையில் செய்யுங்கள். டேலியில் பழைய நகலை அதே இடத்தில் ரீஸ்டோர் செய்தால் நடப்புக் கணக்கின் மேலேயே எழுதிவிடும். மென்பொருளின் பதிப்பையும் பாருங்கள். புதிய பதிப்பில் எழுதிய கணக்கைப் பழைய பதிப்பு திறக்காது. திறந்தால் மட்டும் போதாது. எங்கள் மண்டியில் கடை அடைக்கும்போது கடைசி பில் எண், அன்றைய விற்பனை மொத்தம், கல்லா இருப்பு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஒத்திகையில் நகல் எடுத்த தேதிக்கு அந்த மூன்றும் நோட்டோடு ஒத்துவர வேண்டும். கூடவே ஏதேனும் இரண்டு பார்ட்டிகளின் பாக்கியையும், துவரம் பருப்பு போல ஓடுகிற சரக்கு ஒன்றின் இருப்பையும் பார்க்கிறோம். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்றும் குறித்துக்கொள்வோம். வாடிக்கையாளர் நிற்கும்போது எவ்வளவு நேரம் கையால் பில் எழுத வேண்டியிருக்கும் என்பது அதிலிருந்து தெரியும். அதற்கென அச்சடித்த பில் புத்தகம் இரண்டு கல்லாவில் இருப்பது நல்லது.

இந்த ஒத்திகைக்கு எந்த நாள் வசதி என்று கேட்கலாம். மாதந்தோறும் ரிட்டர்ன் போடுவோருக்கு 11-ந் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ந் தேதி 3-பி என்று கணக்குப்பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆகவே 20-ந் தேதி தாண்டி வரும் முதல் ஞாயிறு மதியம், கடை ஓய்ந்திருக்கும் வேளையில் வைத்துக்கொள்வது எங்களுக்குச் சரியாக இருக்கிறது.