முதல் விமானப் பயணமா? பயம் வேண்டாம்!

வெளிநாட்டு வேலைக்காகக் கட்டுநாயக்கவில் முதன்முதலாக விமானம் ஏறும்போது வயிறு கலக்கத்தான் செய்யும். மலையகத்தாருக்கு ஒரு வசதி உண்டு: விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான். நுவரெலியாவே 6,000 அடிக்கு மேல்தானே! ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்குமே, விமானம் தரையிறங்கும்போதும் அதேதான். டொபி சப்புங்கள், எச்சிலை விழுங்குங்கள். அந்த நேரத்தில் மட்டும் தூங்காதீர்கள்.

கிளம்பியதும் காலுக்கடியில் 'டொக்' என்று கேட்டால் பதற வேண்டாம், சக்கரம் உள்ளே மடங்குகிறது. குலுக்கலுக்கு அஞ்சுபவர்கள் இறக்கைக்குப் பக்கத்தில் சீட் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் இடுப்பிலேயே இருக்கட்டும். படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பிளேன்டீயை அளவோடு குடியுங்கள். பணிப்பெண்ணிடம் "பயமாக இருக்கு" என்று சொல்லிவிடலாம், அவர்களுக்கு இது பழகிய விஷயம்.